வெள்ளைக்குள் ஒளிந்த வெள்ளை

ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விஷயம், மார்பக அடர்த்தி. "பொம்பளைங்க சமாச்சாரத்துல உனக்கென்னய்யா வேலை?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். என் வேலையே அதுதான். மருத்துவப் படங்களைக் கையாளும் மென்பொருளுக்குப் பொட்டி தட்டுகிற ஆசாமி நான். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எனக்கு எண் அட்டவணைகள். இந்தப் புள்ளி எவ்வளவு கறுப்பு, அந்தப் புள்ளி எவ்வளவு வெள்ளை என்ற கணக்கு, அவ்வளவுதான். அப்படி மேய்ந்துகொண்டிருந்தபோது மாட்டியதுதான் இந்தக் கதை.

கதைச் சுருக்கம் இது. 1976-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அதில் ஒரு பங்கு நிஜம், ஒரு பங்கு பிரமை. எது எந்தப் பங்கு என்று பிரித்தெடுக்கவே முப்பது வருடம் ஆனது. அது சம்பந்தப்பட்ட பெண்களின் கையில் எழுத்தாக வந்து சேர, அமெரிக்கா முழுவதற்குமாகக் கணக்குப் போட்டால், 2024 ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு நாள்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எள்ளும் அரிசியும்

முதலில் கொஞ்சம் அடிப்படை. மார்பகத்துக்குள் பெரும்பாலும் இரண்டு வகைத் திசுக்கள். ஒன்று கொழுப்பு. மற்றது பால் சுரக்கும் சுரப்பிகள், பால் வரும் நாளங்கள், இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசு. மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திவைத்து எடுக்கிற எக்ஸ்ரே. கொழுப்பு எக்ஸ்ரேவைச் சுலபமாக விட்டுவிடும், அதனால் படத்தில் கருஞ்சாம்பலாகத் தெரியும். சுரப்பியும் நாரும் தடுக்கும், வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அடர்த்தி.

சிக்கல் எங்கே என்றால், புற்றுக்கட்டியும் எக்ஸ்ரேவைக் கிட்டத்தட்ட அதே அளவு தடுக்கும். அதுவும் வெள்ளை. ஒரு தாம்பாளத்தில் கறுப்பு எள்ளைப் பரப்பி, அதில் ஓர் அரிசியைப் போடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். தாம்பாளம் முழுக்க அரிசியைப் பரப்பி, அதில் இன்னோர் அரிசியைப் போட்டுவிட்டு, "எங்கே போட்டேன் சொல்லு" என்றால்? அடர்த்தியான மார்பகத்தின் மேமோகிராமைப் பார்க்கும் டாக்டரின் நிலைமை அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடர்த்தி என்பது கைக்குத் தட்டுப்படும் கெட்டித்தன்மை இல்லை. பெரிது, சிறிது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தில் மட்டுமே தெரிகிற சமாச்சாரம். வியாதியும் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 'அடர்த்தி' என்ற வகையில்தான் வருகிறது. இளவயதில் அதிகம், மாதவிடாய் நின்றபின் பொதுவாகக் குறையும், உடல் எடை கூடினால் கொழுப்பின் பங்கு ஏறி விகிதம் இறங்கும். மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளில் சில அதைக் கூட்டும்.

பெர்லின் முதல் டெட்ராய்ட் வரை

மார்பகத்தை எக்ஸ்ரேயில் பார்க்கலாம் என்று காட்டிய முதல் ஆள் ஆல்பர்ட் சாலமன், பெர்லினில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். 1913-ல், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படங்களைத் திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார். மனுஷனுக்குப் பிற்பாடு நேர்ந்ததைப் படித்தால் மனசு கனத்துப்போகும். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வேலை போனது, 1938-ல் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைத்தார்கள். அவர் தப்பிப் பிழைத்தார். ஓவியரான மகள் சார்லட் சாலமனை 1943-ல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

1930-ல் ஸ்டாஃபோர்ட் வாரன் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உயிருள்ள நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார். (இதே வாரன்தான் பிற்பாடு அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவர்!) 1938-ல் பிலடெல்ஃபியாவின் ஜேக்கப் கெர்ஷான்-கோஹன், சாதாரண, நோயற்ற மார்பகம் எக்ஸ்ரேயில் எப்படியெல்லாம் தெரியும் என்று ஆராய்ந்தார். வயசுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று அது மாறுகிறது. 'நார்மல்' என்று ஒரே ஒரு படம் கிடையாது. அடர்த்திக் கதையின் விதை அங்கேயே விழுந்துவிட்டது என்பேன். உருகுவேயின் ரவுல் லெபோர்ன் மார்பகத்தை அழுத்திப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்று காட்டினார். 1960-ல் ஹூஸ்டனின் ராபர்ட் ஈகன், எந்த மருத்துவமனையும் அப்படியே பின்பற்றக்கூடிய ஒரு செய்முறையை உருவாக்கி, ஆயிரம் பேரின் முடிவுகளோடு வெளியிட்டார். ஈகன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வருவார்.

1963-ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை தொடங்கியது. நோய் அறிகுறி இல்லாத பெண்களுக்கே மேமோகிராம் எடுத்தால் உயிர் காப்பாற்ற முடியுமா என்பது கேள்வி. 'முடியும்' என்ற திசையில் பதில் வந்ததும் ஆரோக்கியமான பெண்களின் படங்கள் மருத்துவமனைகளில் மலைபோலக் குவிய ஆரம்பித்தன. நோயாளிகளின் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய், ஒரு பெண்ணின் இன்றைய நார்மல் படத்தையும் நாலு வருடம் கழித்து அவருக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துவைத்துப் பார்க்கும் காலம் வந்தது. அப்படிப் பார்த்தவர்தான் ஜான் வுல்ஃப்.

வுல்ஃப் சொன்னது

வுல்ஃப், டெட்ராய்ட் நகரத்தின் ஹட்ஸல் மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவர். சீரோமேமோகிராஃபி என்ற முறையின் முன்னோடி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நம்ம ஊர் முக்குக் கடை செராக்ஸ்தான்! அதே கம்பெனி, அதே தத்துவம். செலினியம் பூசிய தட்டில் மின்னூட்டம் ஏற்றி, எக்ஸ்ரே பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிய, மிச்சமிருக்கும் இடத்தில் நீலப் பொடி ஒட்டிக்கொள்ள, தாளில் நீல நிறப் படம் ரெடி. இந்த முறையில் விளிம்புகள் தூக்கலாகத் தெரியும். நாளங்கள் நூல் நூலாக, முடிச்சு முடிச்சாகத் துலங்கும். சாதா ஃபிலிமில் மங்கலாகத் தெரிந்த நெசவு, வுல்ஃபின் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த நெசவை அவர் நாலாகப் பிரித்தார். என்1 என்பது ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. பி1, பி2 என்பவை நாளங்கள் எடுப்பாகத் தெரிபவை, கொஞ்சமாக இருந்தால் பி1, நிறைய இருந்தால் பி2. டிஒய் என்பது பெரிய பெரிய வெள்ளைத் தகடுகளாக மூடிக்கிடப்பது. ஏழாயிரத்துச் சொச்சம் பெண்களின் பழைய படங்களை எடுத்து, யார் எந்த வகை, பிற்பாடு யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று ஒப்பிட்டார். 1976-ல் வெளியிட்ட முடிவு தூக்கிவாரிப் போட்டது. என்1 வகையைவிட டிஒய் வகைப் பெண்களுக்கு ஆபத்து பல பத்து மடங்கு அதிகம் என்றார்.

இதன் வீச்சைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த படம், இனிமேல் வருமா என்பதையும் சொல்லும் என்கிறார். ரிப்போர்ட் கார்டு என்று வாங்கினால் உள்ளே ஜாதகமும் இருக்கிறது என்ற கணக்கு!

லாக் எழுதாத மாட்யூல்

உடனே கிளம்பியது எதிர்ப்பு. 1977-லேயே மறுத்து எழுதியவர்களில் ஒருவர், அதே ராபர்ட் ஈகன். மாஸ்டெல்லர் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் வைத்த வாதம் ரொம்ப நேர்த்தியானது. மென்பொருள் ஆசாமிகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

ஒரு ப்ராஜெக்டில் இரண்டு மாட்யூல் இருக்கிறது. முதலாவது எல்லாவற்றையும் ஒழுங்காக லாக் எழுதும். இரண்டாவது எழுதாது. ரிலீசுக்கு முந்தைய டெஸ்டிங்கில் முதல் மாட்யூலின் பக் எல்லாம் மாட்டிவிடும், சரிசெய்துவிடுவோம். இரண்டாவதன் பக் மாட்டாது. அவை ரிலீசான பிறகு வெடிக்கும். ரிலீசுக்குப் பின் வந்த பக்கை மட்டும் எண்ணிப் பார்க்கும் மேனேஜர், "இரண்டாவது மாட்யூல் எழுதினவன்தான் மோசமான ஆளு" என்று முடிவுகட்டுவார். நிஜத்தில் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை பக் இருந்திருக்கலாம். ஒன்றில் தெரிந்தது, மற்றதில் ஒளிந்திருந்தது.

ஈகன் சொன்னதும் இதுதான். அடர்த்தியான மார்பகத்தில் முதல் படத்திலேயே கட்டி இருந்திருக்கும், வெள்ளைக்குள் வெள்ளையாக ஒளிந்திருக்கும். 'நார்மல்' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அது வெளியே தெரியும்போது, 'அடர்த்தி இருந்ததால் புதிதாகப் புற்றுநோய் வந்தது' என்று தோன்றும். வுல்ஃப் பார்த்தது ஆபத்தை இல்லை, குருட்டுப் புள்ளியை.

அடுத்த பத்து வருடத்தில் ஆளாளுக்குச் சோதித்தார்கள். சிலருக்குத் தொடர்பு தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் வுல்ஃப் சொன்ன அளவுக்குப் பெரிய எண்ணிக்கை வரவில்லை. போதாக்குறைக்கு, ஒரே படத்தை ஒருவர் பி2 என்பார், இன்னொருவர் டிஒய் என்பார். அளவுகோலே ஆளுக்கு ஆள் நீண்டு சுருங்கினால் என்ன அறிவியல்? வுல்ஃபின் வகைகள் மெல்ல மெல்லச் செல்வாக்கிழந்தன.

ஆனால் ஈகனின் வாதத்துக்குள்ளேயே அதைச் சோதிக்கும் வழியும் இருந்தது. ஒளிந்திருக்கும் கட்டி எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும்? ஒரு வருடம், இரண்டு வருடம், போனால் மூன்று. ஈகன் சொன்னது மட்டுமே உண்மையானால், அடர்த்திப் பெண்களின் கூடுதல் ஆபத்து சில வருடத்தில் வற்றிப்போக வேண்டும். பத்து வருடம் கழித்தும் வற்றாமல் நின்றால்? அப்போது இரண்டாவது மாட்யூலில் நிஜமாகவே பக் அதிகம் என்றுதான் அர்த்தம். தேவைப்பட்டது நல்ல அளவுகோலும், நீண்ட பொறுமையும்.

டொரன்டோவின் இரண்டு ஸ்லைடர்கள்

அளவுகோல் கனடாவிலிருந்து வந்தது. டொரன்டோவில் நார்மன் பாய்ட் என்ற புற்றுநோய் மருத்துவர், நெசவு, நூல், முடிச்சு என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். படத்தில் வெள்ளையின் பரப்பு எத்தனை சதவீதம்? அதே ஊரில் மார்ட்டின் யாஃபி என்ற இயற்பியலாளரின் குழு, 1990களின் முதல் பாதியில் இதற்கு ஒரு நிரல் எழுதியது. பிற்பாடு க்யூமுலஸ் என்று பெயர் பெற்றது. அதன் எளிமையைப் பார்த்து அசந்துபோனேன். மேமோகிராமைக் கணினிக்குள் ஏற்று. முதல் ஸ்லைடரை நகர்த்தி, மார்பகம் எது, வெறும் பின்னணி எது என்று பிரி. இரண்டாவது ஸ்லைடரை நகர்த்தி, வெள்ளை எது, சாம்பல் எது என்று பிரி. புள்ளிகளை எண்ணி வகுத்தால் சதவீதம். ரெண்டாம் வருஷ இன்ஜினியரிங் மாணவன் லேபில் எழுதக்கூடிய த்ரெஷோல்டிங்தான். ஆனால் 'டிஒய் போலத் தெரிகிறது' என்பது '62 சதவீதம்' என்று ஆனது. இருபது வருடச் சண்டைக்கு அதுவே பாதி மருந்து.

பொறுமைக்கான பதில் 1995-ல் வந்தது. பாய்ட் குழு, கனடாவின் தேசிய மார்பகப் பரிசோதனை ஆய்வில் இருந்த பெண்களின் படங்களை அளந்தது. அதே வருடம் அமெரிக்காவில் சீலியா பர்ன் குழு, 1970களில் சுமார் 2,80,000 பெண்கள் சேர்ந்த ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தின் படங்களை எடுத்துக்கொண்டது. ரெண்டு குழுவுக்கும் கிடைத்த விடை ஏறக்குறைய ஒன்றுதான். அடர்த்தி மிகக் குறைவான பெண்களைவிட மிக அதிகமான பெண்களுக்கு ஆபத்து 4 முதல் 6 மடங்கு. அதைவிட முக்கியமானது, பர்ன் குழுவின் கணக்கில் படம் எடுத்துப் பத்து வருடம் தாண்டிய பிறகும் அந்த ஆபத்து வற்றவில்லை.

ஆக, வுல்ஃப் பார்த்தது பிரமை இல்லை. அவருடைய எண்தான் ஊதிப்போயிருந்தது. ஊதவைத்தது ஈகன் சொன்ன குருட்டுப் புள்ளி. ரெண்டு பேரும் ஒரே யானையைத்தான் தடவிக்கொண்டிருந்தார்கள்!

ரெண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் காட்டியது பாய்ட் குழுவின் 2007-ஆம் வருடக் கட்டுரை. புற்றுநோய் வந்த 1112 பெண்கள், வராத 1112 பெண்கள். 10 சதவீதத்துக்கும் கீழே அடர்த்தி உள்ளவர்களோடு ஒப்பிட்டால், 75 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு ஒட்டுமொத்த வாய்ப்பு 4.7 மடங்கு. அதைப் பிரித்துப் பார்த்தார்கள். மேமோகிராமிலேயே கண்டுபிடிபட்ட புற்றுநோய் என்றால் 3.5 மடங்கு. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்து 12 மாதத்துக்குள் வெளியே தெரிந்த புற்றுநோய் என்றால், 17.8 மடங்கு! முதல் எண் நிஜமான ஆபத்து. இரண்டாவது எண்ணில் அந்த ஆபத்தோடு குருட்டுப் புள்ளியும் சேர்ந்திருக்கிறது. 1976-ல் ஆரம்பித்த சண்டை முடிய முப்பத்தொரு வருடம்.

இடையில் 2002-ல் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு. ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா இரண்டிலுமாக 951 ஜோடிகள். ஒருவருக்கொருவர் அடர்த்தியில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 63 சதவீதம் பரம்பரையாக வருவது என்று கணக்கிட்டார்கள். அதாவது, ஒரு பெண் என்ன சாப்பிட்டார், எப்படி வாழ்ந்தார் என்று குற்றம்சாட்ட இதில் அதிகம் இல்லை. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வருகிற உயரம் மாதிரி.

'வயசானால் அடர்த்தி குறைகிறது என்றாய், புற்றுநோயோ வயசானால் கூடுகிறதே, எப்படி?' என்று சிலருக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். நியாயமான கேள்வி. மால்கம் பைக் என்பவர் 1983-ல் முன்வைத்த ஒரு கருத்து இதற்கு உதவுகிறது. மார்பகத் திசுவுக்கு ஒரு தனி வயசு ஓடுகிறது, இளமையில் வேகமாக, பிற்பாடு மெதுவாக. வண்டியின் வேகம் குறைந்தாலும் மீட்டரில் கிலோமீட்டர் ஏறிக்கொண்டேதானே இருக்கும்? ஆபத்தைச் சொல்வது அந்த மொத்தக் கிலோமீட்டர்.

நான்சி கேட்ட கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் ஆய்விதழ்களில் நடந்த கதை. இதே காலத்தில் அமெரிக்காவின் கதிரியக்க மருத்துவர்கள் பை-ராட்ஸ் என்ற பொது அறிக்கை முறையை உருவாக்கியிருந்தார்கள். முதல் பதிப்பு 1993. அடர்த்தியை அதில் நாலாகப் பிரிப்பார்கள், இன்றைய பெயரில் ஏ, பி, சி, டி. சி, டி இரண்டும் 'அடர்த்தி'. கதிரியக்க மருத்துவர் எழுதுவார், குடும்ப மருத்துவருக்குப் போகும். பெண்ணுக்குத் தனியாக ஒரு கடிதம் வரும், 'உங்கள் மேமோகிராம் நார்மல்' என்று. அடர்த்தி பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது.

கனெக்டிகட் மாநிலத்தில் நான்சி கப்பெல்லோ என்று ஒரு கல்வியாளர். ஒழுங்காக மேமோகிராம் எடுத்து வந்தவர். 2004-ல், நார்மல் என்று ரிப்போர்ட் வந்து சில வாரங்களிலேயே, டாக்டரின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மறுபடி மேமோகிராம், அதிலும் ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டி தெரிந்தது. முற்றிய மூன்றாம் நிலைப் புற்றுநோய், 13 நெறிக்கட்டுகளுக்குப் பரவியிருந்தது. 'ஏன் படத்தில் தெரியவில்லை?' என்று கேட்டபோதுதான், தன் மார்பகம் அடர்த்தியானது என்பதே அவருக்குத் தெரியவந்தது. டாக்டர்களுக்கு அது முன்பே தெரியும். சொல்வது வழக்கமில்லை, அவ்வளவுதான்.

என்னை இந்தப் பதிவு எழுதவைத்தது இந்த இடம்தான். தகவல் இருந்தது. எழுத்தில் இருந்தது. அவருடைய பெயர் போட்ட ஃபைலிலேயே இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. கணவர் ஜோவோடு சேர்ந்து சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். 2009-ல் கனெக்டிகட் அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாக, அடர்த்தியைப் பெண்ணுக்கே தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. மருத்துவர்கள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 'பாதிப் பெண்களை வீணாகப் பயமுறுத்துவீர்கள், கூடுதல் ஸ்கேன் என்று வரிசையில் நிற்பார்கள், அதனால் உயிர் பிழைப்பார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே?' என்றார்கள். கேள்வி சரிதான். ஆனால் ஆதாரம் வரும்வரை தகவலை யார் கையில் வைத்திருப்பது என்பது வேறு கேள்வி. நான்சி கேட்டது அந்த இரண்டாவது கேள்வியை.

டெக்சாஸ் 2011-ல், நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் 2012-ல் என்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2019-ல் மத்திய அரசுச் சட்டம் வந்தது. 2023 மார்ச்சில் எஃப்.டி.ஏ. விதியை வெளியிட்டது, 2024 செப்டம்பர் 10 முதல் நாடு முழுக்க அமலானது. நான்சி அதைப் பார்க்கவில்லை. புற்றுநோய் சிகிச்சையின் பின்விளைவாக எலும்பு மஜ்ஜையில் வந்த கோளாறால் 2018 நவம்பரில் இறந்துவிட்டார்.

தெரிந்து என்ன செய்வது?

சட்டம் வந்ததும் எல்லாம் சுபம் என்று போட்டுவிட முடியாது. முதலில் அளவுகோல் பிரச்சினை. 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 83 கதிரியக்க மருத்துவர்களை ஒப்பிட்டார்கள். ஒருவர் தான் பார்த்த படங்களில் 6.3 சதவீதத்தை மட்டும் 'அடர்த்தி' என்றிருக்கிறார். இன்னொருவர் 84.5 சதவீதத்தை! ஆள் மாறினால் கடிதமே மாறும். பொட்டி தட்டும் நம்ம இனம் இங்கே உதவலாம், தானாக அளக்கும் மென்பொருள்கள் இப்போது பல இடங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

அடுத்து, கூடுதல் பரிசோதனை. ஜப்பானில் நாற்பதுகளில் இருக்கும் சுமார் 73,000 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்த்தால் புற்றுநோயைப் பிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக ஏறியது. 2019-ல் நெதர்லாந்து முடிவு வந்தது. மிக அடர்த்தியான மார்பகமும் நார்மல் மேமோகிராமும் கொண்ட 40,373 பெண்கள். அவர்களில் 8061 பேரை எம்.ஆர்.ஐ. எடுக்க அழைத்தார்கள். 59 சதவீதம் பேர் வந்தார்கள். இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் திடீரென்று வெளிப்படும் புற்றுநோய், அழைக்காத குழுவில் ஆயிரத்துக்கு 5, அழைத்த குழுவில் 2.5. பாதிக்குப் பாதி! அதே சமயம், எம்.ஆர்.ஐ. எடுத்த ஆயிரத்தில் சுமார் 80 பேருக்கு 'சந்தேகம்' என்று வந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்றானது. அந்த நாட்களின் பதைப்புக்கு எண் கிடையாது.

2022-ல் ஐரோப்பிய மார்பகப் படவியல் சங்கம், மிக அடர்த்தி உள்ள 50 முதல் 70 வயதுப் பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024-ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு, 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் என்று சொல்லிவிட்டு, அடர்த்திக்கான கூடுதல் பரிசோதனை பற்றி மட்டும் 'இன்னும் ஆதாரம் போதாது' என்று நிறுத்திக்கொண்டது. ஒரே எண்களைப் பார்த்து இரண்டு முடிவுகள். கட்டியைச் சீக்கிரம் பிடிக்கிறோம் என்பது நிரூபணமாகிவிட்டது. அதனால் மரணம் குறைகிறதா என்பதற்கு இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் மேமோகிராம் ரிப்போர்ட்டில் அடர்த்தி வகையை எழுதுகிறார்கள். திருச்சியில் இருக்கும் என் அத்தை போன வருடம் எடுத்துவிட்டு ஃபோன் பண்ணினார். "ஏண்டா, டைப் சி-ன்னு போட்டிருக்கானே, மூணாவது ஸ்டேஜாடா?" அடப்பாவமே! "இல்ல அத்தை, அது ஸ்டேஜ் இல்ல, உங்க படம் எவ்வளவு வெள்ளைன்னு சொல்றது" என்று விளக்க அரைமணி நேரம் ஆனது. கடைசியில், "இதை அந்தப் பொண்ணு அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நாள் தூங்கியிருப்பேனேடா" என்றார். தகவலை மறைப்பது ஒரு வகை. விளக்கம் இல்லாமல் கையில் திணிப்பது இன்னொரு வகை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் ஐரோப்பா மாதிரி எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற தேசியத் திட்டம் கிடையாது. அரசுத் திட்டத்தில் இருப்பது, பயிற்சி பெற்றவர்கள் கையால் செய்யும் பரிசோதனை. அதை மட்டமாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களை வைத்து இருபது வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. அப்படிப் பரிசோதித்ததில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை. நம்மில் நிறையப் பெண்களுக்கு 'அடர்த்தியா இல்லையா' என்ற கேள்விக்கு முன்னால், 'யாராவது ஒருமுறையாவது பார்த்தார்களா' என்ற கேள்வி நிற்கிறது.

கடைசியாக, எண்களைப் பார்த்து யாரும் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக ஒன்று. 4 மடங்கு, 6 மடங்கு என்பதெல்லாம் ஒரு கோடியில் இருப்பவரை மறுகோடியில் இருப்பவரோடு ஒப்பிட்டது. சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் மிக அடர்த்தியான டி வகைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சி வகைக்கு அதைவிடக் குறைவு. பெரும்பாலான அடர்த்திப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதே இல்லை. அடர்த்தி இல்லை என்பதால் வராது என்ற உத்தரவாதமும் இல்லை.

எனவே வீட்டில் அம்மா, அக்கா, மனைவி யாராவது மேமோகிராம் எடுத்தால், 'நார்மல்' என்ற வார்த்தையோடு ஃபைலை மூடிவிடாதீர்கள். அடர்த்தி என்ன வகை, இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம், எனக்கு அல்ட்ராசவுண்ட் தேவையா என்று மூன்று கேள்வி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் நார்மலாகவே இருந்தாலும், அதற்குப் பிறகு கையில் ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம். நான்சியின் கட்டியை முதலில் கண்டுபிடித்தது எந்த மிஷினும் இல்லை, ஒரு டாக்டரின் கை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படங்களை எண்ணாகப் பார்க்கிறவன் மட்டுமே. மேலே சொன்னது வரலாறு. உங்கள் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.